மலை ஓட்டமும் மருமகளின் தண்ணீர் வார்ப்பும்

மொன்றியல் விமான நிலையத்தில் நின்றவர்கள் இவர்கள். என் தங்கச்சி மலர். அவளுடைய மனுசன் தேவன். அவர்களின் ஒரே மகள் அபிராமி, பதின்மூன்று வயது. எங்கள் பெரியம்மாவின் மகன் ரஞ்சன், ரொறன்ரோவிலிருந்து வந்தவன், தோளில் வீடியோக் கமெரா. பிறகு நான், பெட்டியோடு.

மலர் அழுதாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள். நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, முகம் விழேல்லை. ஒருக்கால் திரும்பிப் போய்க் கதவாலை வாங்கோ" என்றான் ரஞ்சன்.

திரும்பிப் போனேன். அந்தக் கதவு வெளியே வர மட்டும்தான். ஒரு காவல்காரன் ஓடிவந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அபிராமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

"வந்து அஞ்சு நிமிசத்திலையே நாடு பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறார் மாமா."

நான் வந்தது அவளுடைய சாமத்தியச் சடங்குக்கு. பிள்ளை பெரிசாகி நாலு மாதம். மண்டபம் இப்போதுதான் கிடைத்தது. சடங்கில் முதல் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வேண்டும். எங்களோடு பிறந்த ஆண்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது இல்லை. ஆகவே நான்.

இன்னொரு அலுவலும் இருந்தது. மொன்றியலின் நடுவில் ஒரு மலை. அதைச் சுற்றி வருடம் ஒரு ஓட்டம். இருபத்தொரு கிலோமீற்றரும் கொஞ்சமும். தேவன் தொலைபேசியில் சொன்னார். சடங்கு சனிக்கிழமை, ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. நல்லது என்று பதிந்தேன். பிறகு ஐயர் சனிக்கிழமையில் நல்ல நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார். சடங்கும் ஞாயிறு ஆகிவிட்டது.

எனக்கு ஐம்பத்தேழு வயது. படித்தது அஞ்சாம் வகுப்பு. நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. மீன் வெட்டுவது. ஐம்பது வயதில் ஒரு நாள் காலை வேலைக்குப் போகிற பஸ் தவறிவிட்டது. ஓடிப் போனேன். அடுத்த நாள் பஸ் வந்தது. ஏறவில்லை. அப்படித்தான் தொடங்கியது. பத்துக் கிலோமீற்றர் பல தரம் ஓடியிருக்கிறேன். இருபத்தொன்றை இரண்டு தரம் தொடங்கினேன். ஒரு தரம் பதினைந்தில் கால் இழுத்தது. மற்றத் தரம் பனி கொட்டி நிற்பாட்டிவிட்டார்கள். ஒன்றைக்கூட முடித்ததில்லை. முழங்கால் இன்னும் எத்தனை வருடம் விடும் என்று தெரியாது. ஒன்றை முடிக்க வேண்டும் என்று இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் தேவன் வானை ஓட்டிக்கொண்டு கதைத்தார். அவருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில் வேலை. கொள்கலன்களில் வரும் பெட்டிகளை இறக்குவது.

"இஞ்சையும் தனிநாடு கேக்கினம் மச்சான்."

"ஆர்?"

"பிரெஞ்சுக்காரர். வாக்குப் போடப் போகினம். வேணும் எண்டால் ஓம், வேண்டாம் எண்டால் இல்லை."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

நான் யன்னலால் பார்த்தேன். மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. வீடுகளுக்கு வெளியில் இரும்புப் படிகள், பாம்பு மாதிரி வளைந்து. பனிக்காலத்தில் எப்படி ஏறுவார்கள் என்று கேட்டேன்.

"விழுந்து விழுந்துதான்" என்றார் தேவன்.

அவர்கள் வீடு மலைக்கு மேற்குப் பக்கம், மூன்றாம் மாடி. வெளிப்படி. கீழ்வீட்டில் ஒரு வயதான பிரெஞ்சு மனுசி. எல்லாரும் மதாம் என்பார்கள். போன வருடம் பக்கத்து வீட்டில் ஒரு சடங்குக்குக் குசினியில் வைத்துத் தண்ணீர் வார்த்து, கீழே கூரை ஊறிப் பொலிஸ் வந்ததாம். அதனால் மலர் குளியலறைத் தொட்டிக்குள் பலகை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலகை ஆடுது அண்ணை. ஒருக்கால் ஏறி இருந்து பாருங்கோ."

பதினாலு மணித்தியாலப் பயணத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டில் முதல் இருந்த இடம் அந்தத் தொட்டிதான்.

வெள்ளிக்கிழமை, ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்துகிற இலக்கத்தை எடுக்கப் போனேன். தனியே போகிறேன் என்று சொன்னேன். மலருக்கு ஆயிரம் வேலை. மெற்றோவில் எந்த நிறக் கோடு, எங்கே இறங்க வேண்டும் என்று அபிராமி என் கையில் எழுதிவிட்டாள், பேனாவால், கையிலேயே. அங்கே மெற்றோவுக்கு ரப்பர்ச் சில்லு. சத்தம் குறைவு. வண்டி வெளிக்கிடும்போது ஒரு சின்ன இசை.

மாறுகிற நிலையத்தில் சனம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. மஞ்சள் கோட்டில் ஏறிவிட்டேன். வண்டி இருட்டுக்குள் நெடுக ஓடியது. காது அடைத்தது. வெளியே வந்தால் லொங்குய்ய். ஆற்றுக்கு அந்தப் பக்கம். நான் ஆற்றுக்குக் கீழால் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

ஒரு மனுசி வாளியும் துடைப்பமும் வைத்துக்கொண்டு நின்றாள். ஹெயிட்டிக்காரியாக இருக்க வேண்டும். கையைக் காட்டினேன். வியர்வையில் எழுத்து அழிந்திருந்தது. அவள் என் கையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். சாத்திரம் பார்ப்பது மாதிரி. பிறகு தலையை ஆட்டினாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றி, பக்கத்தில் இருந்த ஒரு பெடியனிடம் ஏதோ சொன்னாள். அவன் என்னை விடவே இல்லை. இலக்கம் கொடுக்கிற மேசை வரைக்கும் கொண்டுவந்து விட்டான். "மெர்சி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு அதுதான். நோர்வேயில் பத்து வருடத்தில் யாரும் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப் போனதில்லை. அங்கே வழி கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கையைப் பிடிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை தேவன் மலையைக் காட்டக் கொண்டுபோனார். வானில்தான். ஏற ஏற வான் முனகியது. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஏறுவதென்றால் பனைதான். நோர்வேயில் மலை நிறைய. ஆனால் நான் ஓடுவது கடற்கரை றோட்டு, தட்டையானது.

"இதாலையோ ஓடுறது?"

"இதாலைதான். பயப்பிடாதையுங்கோ. ஏறி முடிய, பேந்து இறக்கம்."

இறங்கி வரும்போது ஒரு கடையில் பூட்டின் வாங்கித் தந்தார். பொரித்த உருளைக்கிழங்குக்கு மேலே வெள்ளைக் கட்டிப் பால்கட்டி, அதற்கு மேலே சுடச்சுட இறைச்சிக் குழம்பு. கடித்தால் பால்கட்டி பல்லில் கீச்சிடும். எவன் இதை முதல் செய்தானோ, அவனுக்கு வீட்டில் மிச்சம் இருந்தது இவ்வளவும்தான் போல. நான் முழுவதும் சாப்பிட்டேன். தேவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலருக்குச் சொல்லாதையுங்கோ. சடங்கு வீட்டிலை மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை."

பின்னேரம் வீடு முழுக்கச் சனம். பலகாரச் சூடு. அறுகம்புல் இல்லை என்று ஒரு கூச்சல். பாலும் அறுகும் தலையில் வைக்காமல் தண்ணீர் வார்க்க முடியாது. ரொறன்ரோவிலிருந்து ரஞ்சன் கொண்டுவந்தது வாடிவிட்டது. கடைசியில் ரஞ்சனே கீழே போய் மதாமின் வாசலில் முளைத்திருந்ததைப் பிடுங்கிவந்தான். அது அறுகுதானா என்று ஒருவருக்கும் தெரியாது. மலர் கழுவி எடுத்து வைத்தாள்.

நான் பின் விறாந்தையில் இருந்தேன். அபிராமி வந்து பக்கத்தில் இருந்தாள். இரண்டு கையிலும் மருதோன்றி. எதையும் தொட முடியாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நாளைக்கு உங்களை எத்தினை பேர் பாப்பினம்?"

"தெரியாது. றோட்டுக்கரையிலை நிப்பினம்."

"வெக்கமில்லையா? அரைக் காற்சட்டையோடை?"

"முகம் தெரியாத சனம்தானே."

"எனக்கு முந்நூறு பேர். எல்லாம் தெரிஞ்ச சனம். என்ரை வகுப்புப் பிள்ளை ஒண்டும் வருது. என்னத்துக்கு இது எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

நான் எட்டிப் பார்த்தேன். கீழே மதாம் தன்னுடைய முற்றத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நீங்கள்தான் வாக்கோணும்" என்றாள் அபிராமி. "ரஞ்சன் மாமா எண்டால் எல்லாத்தையும் ரெண்டு தரம் செய்யச் சொல்லுவார். கமெராவுக்கு."

"நான்தான் வாப்பன்."

"ஓடப்போயிட்டு?"

"வருவன்."

"ஷுவரா?"

"ஓம்."

மலருக்கு நான் ஓடுவது பிடிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். "ஆறாயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்தவர், பிள்ளையின்ரை சடங்கு அண்டைக்கு றோட்டாலை ஓடப்போறாராம். ஊரிலை ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

"நல்ல நேரம் பத்து இருபதிலையிருந்து பதினொண்டு அஞ்சு வரைக்கும்" என்றார் தேவன். "ஓட்டம் எட்டு மணிக்கு. மச்சான் ரெண்டு மணித்தியாலம் இருபது நிமிசத்திலை முடிச்சிடுவார். நான் வானோடை நிப்பன். பத்தே நிமிசம். அதோடை, எங்கடை சந்தியாலைதான் ஓடுவினம், பதினேழாவது கிலோமீற்றர். வீட்டிலையிருந்து கை காட்டலாம்."

"வராட்டில்?"

"வராட்டில் நான் இருக்கிறன்தானே" என்றான் ரஞ்சன். "நானும் தாய்மாமன் முறைதான்."

அபிராமி கோப்பையைப் பார்த்தாள்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?" என்று தேவனிடம் கேட்டேன்.

"எட்டு எண்டால் எட்டரை, ஒன்பதுக்குத்தான் தொடங்குவாங்கள் மச்சான். ஆயிரக்கணக்கான சனம். எங்கை எட்டுக்கு நிப்பாட்டுறது?"

"நோர்வேயிலை எட்டு எண்டால் எட்டு."

"இது நோர்வே இல்லை."

தேவன் அந்த ஊரில் பதினொரு வருடம். போன விழாக்கள் எல்லாம் எங்கள் சனத்தின் விழாக்கள். ஆறு என்று அழைப்பு அட்டையில் அடித்தால் எட்டுக்கு மேளம் வரும். அதில் ஒரு பிழையும் இல்லை. நான் விருந்தாளி. அவருடைய வான். படுக்கப் போனேன்.

ஞாயிறு விடிய மலர் புட்டு அவித்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு வாழைப்பழம் போதும் என்றேன்.

"வெறும் வயித்தோடை வீட்டாலை போறதோ? நல்ல நாளும் அதுவுமாய்?"

சாப்பிட்டேன். சப்பாத்தைக் கட்டினேன். வாசலில் காலை வைத்தேன். பின்னால் ரஞ்சன் தும்மினான்.

ஒற்றைத் தும்மல்.

"இருங்கோ" என்றாள் மலர்.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். தண்ணீர் குடித்தேன். எல்லாரும் ரஞ்சனைப் பார்த்தோம், இரண்டாவது தும்மல் வருமா என்று. அவன் மூக்கைப் பிடித்தான், வெளிச்சத்தைப் பார்த்தான். வரவில்லை. "மிளகாய்த்தூள் ஒருக்கால் மணந்து பார்" என்றாள் மலர். மணந்தான். ஏழு தரம் தும்மினான். அதுவும் ஒற்றை. பிறகு எட்டாவது வந்தது. வெளிக்கிட்டோம்.

மலையின் கிழக்கு அடியில் ஒரு புல்வெளி. அங்கேதான் தொடக்கமும் முடிவும். நாங்கள் போனபோது புல்வெளியில் சனம் இல்லை. கழற்றி எறிந்த கம்பளிச் சட்டைகள், வாழைப்பழத் தோல்கள். இரண்டு பேர் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வளைவின் மேலே பெரிய மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு நிமிடம்.

தேவனின் முகம் வெளுத்தது.

"மச்சான்... சத்தியமாய்..."

"பரவாயில்லை. இதைப் பிடியும்."

நீளக் காற்சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மேசை மடித்தவன் என் இலக்கத்தைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான், றோட்டைக் கையால் காட்டினான். ஓடினேன்.

முதல் மூன்று கிலோமீற்றர் ஒருவரும் இல்லை. றோட்டு முழுக்க எனக்கு. கரையில் நின்ற சனம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு திரும்ப வந்து நின்று கை தட்டினார்கள். அவ்வளவு கைதட்டல் எனக்கு வாழ்க்கையில் விழுந்ததில்லை. முதல் ஆளுக்கு விழுந்ததைவிடக் கூட இருக்கும்.

பிறகு ஏற்றம். மரங்களுக்கு இடையால் வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. பொலிஸ் குதிரைகளின் சாணம் றோட்டில். மூச்சு எடுக்கிற நேரம் அந்த மணம்தான். புட்டு வயிற்றில் கல் மாதிரிக் கிடந்தது. நடக்கவில்லை. நடந்தால் பிறகு ஓட வராது, எனக்குத் தெரியும். கோழி நடக்கிற வேகத்தில் ஓடினேன்.

பாதி ஏற்றத்தில், கடைசியாகப் போய்க்கொண்டிருந்த ஆளைப் பிடித்தேன். பருத்த ஒரு மனுசி, நடந்துகொண்டிருந்தாள். பிரெஞ்சில் எனக்கு ஏதோ தைரியம் சொன்னாள். அவளுக்கும் அது தேவைதான். நான் "மெர்சி" என்றேன்.

உச்சியில் தண்ணீர் மேசை. காகிதக் கோப்பையில் தண்ணீர், தோடம்பழத் துண்டு. மரங்களுக்கு நடுவில் ஆறு தெரிந்தது, பாலங்கள் தெரிந்தன. நின்று பார்க்கவில்லை.

இறக்கத்தில் ஒரு கிழவரோடு போய்ச் சேர்ந்தேன். வெள்ளை மீசை, மெல்லிய கால்கள். அவர் பிரெஞ்சில் கதைத்தார், நான் தமிழில் கதைத்தேன். நன்றாகத்தான் போனது. அவர் விரலால் என் வயதைக் கேட்டார். ஐந்தும் ஏழும் காட்டினேன். அவர் ஏழும் ஒன்றும் காட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதின்மூன்றில் முழங்கால் கதைக்கத் தொடங்கியது. பதினைந்தைத் தாண்டினேன். அங்கேதான் முந்தி ஒரு தரம் நின்றது. காலைத் தடவிப் பார்த்தேன். இழுக்கவில்லை. பதினாறில் எனக்குத் தெரிந்தது, இன்றைக்கு முடிப்பேன் என்று. மெதுவாக, ஆனால் முடிப்பேன். அதே நேரம் றோட்டுக்கரை மணிக்கூட்டையும் பார்த்தேன். முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நல்ல நேரம் போய்விடும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

சந்தியில் பதினேழு என்று பலகை. பக்கத்தில் ஒரு மூலைக்கடை. கடை வாசலில் தேவன் பட்டு வேட்டியோடு நின்றார். என் காற்சட்டை இன்னும் அவருடைய கையில். கை காட்ட வேறு ஒருவரும் இல்லை. எல்லாரும் மேலே.

நான் ஓட்டத்தை நிற்பாட்டவில்லை. நின்ற இடத்திலேயே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தினை மணி?"

"பத்து நாப்பது." அவர் கண் சிவந்திருந்தது. "மச்சான், நீங்கள் ஓடுங்கோ. பிழை என்ரை. ரஞ்சன் வாக்கட்டும். மலரிட்டை நான் பேச்சு வாங்குறன். ஓடுங்கோ."

றோட்டைப் பார்த்தேன். அதிலிருந்து தட்டை. கொஞ்சம் இறக்கமும்கூட. இலை விழுந்து கிடந்தது. நான் முன்பு தாண்டிய இரண்டு பெட்டைகள் சிரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

"பிள்ளை என்ன செய்யுது?"

"தொட்டிக்குள்ளை இருக்குது. பலகையிலை. ஒண்டும் கதைக்குதில்லை."

"தண்ணி சூடாக்கியாச்சோ?"

"ஓம்."

"சரி. நடவும்."

றோட்டிலிருந்து நடைபாதையில் ஏறினேன். கால் அப்போதுதான் தனக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடித்தது. மூன்று மாடி வெளிப்படி. கைபிடியைப் பிடித்து ஏறினேன். தேவன் பின்னால் என் இடுப்பைத் தள்ளினார்.

வாசலில் மலர். என்னைக் கண்டதும் முகம் விரிந்தது. உடனே சுருங்கியது.

"தோயாமலோ? வேர்வையோடையோ பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது?"

குளியலறையில் பிள்ளை. வேறு குளியலறை இல்லை. தேவன் என்னைப் பின் விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போய், வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். செப்டெம்பர் முடிவு. பச்சைத் தண்ணீர். மூச்சு நின்று வந்தது. கீழேயிருந்து மதாம் எதையோ கத்தினாள்.

"மழை பெய்யுதோ எண்டு கேக்கிறா" என்றார் தேவன். இன்னொரு வாளி ஊற்றினார்.

வேட்டி கட்டினேன். கட்டிவிட்டது தேவன். எனக்குக் குனிய முடியவில்லை.

ரஞ்சன் செம்போடு குளியலறை வாசலில் நின்றான், சால்வை போட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு. என்னைக் கண்டான். செம்பை என் கையில் வைத்தான். "அப்பாடா" என்றான். "கமெராவை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு நான் தலையைப் பிய்ச்சுக்கொண்டு நிண்டனான்."

அபிராமி தொட்டிக்குள் பலகையில் இருந்தாள். பழைய சேலை ஒன்று சுற்றி, கையில் வெற்றிலையும் காசும். முகம் சுவர்ப்பக்கம். நான் பாலையும் மதாமின் புல்லையும் எடுத்து அவள் உச்சியில் வைத்தேன். ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம். பிறகு தண்ணீர்.

"அண்ணை, கொஞ்சம் இஞ்சாலை பாத்து ஒருக்கால் திரும்ப..." என்றான் ரஞ்சன்.

"இல்லை" என்றேன்.

அபிராமி தலையைத் திருப்பினாள். தண்ணீர் வழிகிற முகம். மெல்லக் கேட்டாள்.

"முடிச்சியளா மாமா?"

"இல்லை."

"ஏன்?"

"பேந்து."

பதினொன்றுக்குத் தேங்காய் உடைத்தேன்.

மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மேல். அட்டையில் ஒரு மணி. சனம் மூன்றுக்கு வந்தது. பிள்ளை சேலையில் வந்தாள், பெரிய மனுசி மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, மஞ்சள் தலைமயிர், முன்வரிசையில் இருந்து மூன்று வடை சாப்பிட்டது, ஒன்றும் கேட்கவில்லை. நான் மேடையில் ஏறிவிட்டேன். இறங்க முடியவில்லை. படியில் குந்தி ஒவ்வொன்றாக இறங்கினேன்.

"என்ன அண்ணை, வெள்ளையள் துரத்தினவங்களோ?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம். பிடிபடேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு இரண்டு தரம் வாங்கினேன். தேவன் என் பக்கத்து மேசையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார். அவருக்கும் போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை பின்னேரம் எனக்கு விமானம். விடிய எழும்பினேன். கால் இரண்டு மரக்கட்டை. கட்டிலில் இருந்து சப்பாத்தை எடுத்தேன். கயிறு கட்ட எட்டவில்லை. அபிராமி வந்து இருந்து கட்டினாள்.

"பள்ளிக்கூடம் இல்லையோ?"

"முகத்திலை மஞ்சள் போகேல்லை. இப்பிடிப் போனால் சிரிப்பினம்." முடிச்சை இறுக்கினாள். "மிச்சத்தை ஓடப் போறியள், என்ன?"

"ஓம்."

அவள் என் சேட்டில் இலக்கத்தைத் திரும்பக் குத்தினாள். அது நனைந்து காய்ந்து சுருண்டிருந்தது.

தேவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் குசினியில் வான் திறப்போடு இருந்தார்.

"எத்தினை மணிக்குத் தொடங்குது மச்சான்?"

"இப்ப."

"படியிலை குந்தி இறங்கின மனுசன்" என்றாள் மலர். "விசர் பிடிச்சிட்டுது உங்களுக்கு." சொல்லிக்கொண்டே தேத்தண்ணிப் போத்தலை நிரப்பினாள். கோட்டைப் போட்டாள்.

மூலைக்கடைச் சந்தியில் பலகை இல்லை. கடைக்காரன் கதவைத் திறந்துகொண்டிருந்தான். நான் நடைபாதையில் ஏறிய இடம் எனக்குத் தெரியும். அங்கே நின்றேன். தேவன் வானில் இருந்து கையைத் தூக்கினார், இறக்கினார். தொடங்கினேன்.

நேற்று றோட்டு எங்களுக்கு. இன்று எல்லாருக்கும். சிவப்பு விளக்கில் நின்றேன். பச்சையில் ஓடினேன். வான் பின்னால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. தேவன் யன்னலால் கையைக் காட்டித் தமிழில் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு விளக்கில் கோப்பிக் கோப்பையோடு ஒருவன் நின்றான். என் இலக்கத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். அபிராமி வானில் இருந்து பிரெஞ்சில் மறுமொழி சொன்னாள். அவன் கோப்பி சிந்தச் சிரித்தான்.

"என்ன சொன்னனீ?"

"மாமா கொஞ்சம் லேற் எண்டு."

கால் மெல்ல இளகியது. இரண்டாவது கிலோமீற்றரில் வலி இருந்த இடத்தில் சூடு வந்தது. மூன்றாவதில் வான் கதவு திறந்து பூட்டுகிற சத்தம். அபிராமி பக்கத்தில் ஓடி வந்தாள். மருதோன்றிக் கை, மஞ்சள் முகம், பள்ளிக்கூடச் சப்பாத்து. தெருவில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

புல்வெளியில் வளைவு இல்லை, மணிக்கூடு இல்லை. மூன்று பேர் இரும்புத் தடுப்புகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிலத்தில் வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம். தேவன் வானை எங்கோ விட்டுவிட்டு ஓடிவந்து கோட்டின் ஒரு பக்கம் நின்றார். மலர் மற்றப் பக்கம், போத்தலோடு. வேலைக்காரரில் ஒருவன் என்னை நோக்கிக் கத்தினான்.

"முடிஞ்சுதாம் மாமா" என்றாள் அபிராமி மூச்சு வாங்கிக்கொண்டு. "நேற்றாம்."

"தெரியும் எண்டு சொல்லு."

சொன்னாள். அவன் தூக்கிய தடுப்பைக் கீழே வைத்தான். நாங்கள் கோட்டைத் தாண்டினோம். அவன் கையுறையோடு கை தட்டினான். சத்தம் வரவில்லை.

புல்லில் இருந்தேன். மலர் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். தேவன் முன்னால் குந்தினார். அவர் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத இரத்தம் இப்போது இருந்தது.

"மச்சான், இது கணக்கிலை வருமோ?"

"ஆரின்ரை கணக்கிலை?"

அவர் யோசித்தார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

பதினேழும் நாலும் இருபத்தொன்று.